கர்ப்பப்பை அகற்றிய பெண்ணுக்கும் நாற்பது நாள் வேண்டும்

பிள்ளை பெற்று வீட்டுக்கு வரும் பெண்ணுக்கு நம் குடும்பங்களில் நாற்பது நாள் உண்டு. அதை யாரும் எழுதி வைக்கவில்லை. அவள் கேட்டுப் பெறவும் தேவையில்லை. உம்மா வந்து நிற்பார். உம்மாவுக்கு முடியாவிட்டால் சாச்சியோ மாமியோ வருவார். குளிக்க வெந்நீர் ஆயத்தமாக இருக்கும். மிளகும் பூண்டும் போட்ட பத்தியக் கறி மணக்கும். அந்த நாட்களில் அவள் ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிவிட்டால் பக்கத்து வீட்டுப் பெரியம்மா வரை வந்து ஏசிவிட்டுப் போவார்.

அதே பெண் சில வருடங்கள் கழித்துக் கர்ப்பப்பையை அகற்றும் சத்திர சிகிச்சை செய்துகொண்டு வீடு திரும்புகிறாள். இப்போது கையில் குழந்தை இல்லை. ஆகவே பார்ப்பவர்களுக்கு அது வெறும் 'ஒப்பரேஷன்'. தையல் வெட்டியதும் எல்லாம் முடிந்துவிட்டதாக நினைக்கிறார்கள். எட்டாம் நாள், பத்தாம் நாள் குசினி மறுபடியும் அவள் கைக்கு வந்துவிடுகிறது.

ஹட்டனுக்கு அப்பால் ஒரு சிறு கடை வீதியில் நான் அறிந்த சகோதரி ஒருவர் இருக்கிறார். கீழே கடை, மேலே வீடு. இடையில் செங்குத்தான மரப் படி. மூன்று பிள்ளைகள், கடைக்குட்டிக்கு இரண்டு வயது. கணவர் காலை ஏழு மணிக்குக் கடை திறந்தால் இஷாவுக்குத்தான் மேலே வருவார். தாய்வீடு அக்குறணையில், உம்மாவுக்கு மூட்டுவலி, படி ஏற முடியாது. கர்ப்பப்பையில் கட்டிகள் வளர்ந்து, மாதத்தில் பாதி நாள் இரத்தப்போக்கு என்று இரண்டு வருடம் இழுத்தடித்துவிட்டுத்தான் சத்திர சிகிச்சைக்குப் போனார். ஐந்தாம் நாள் வீடு வந்தார். ஒன்பதாம் நாள் மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்தது. மலையகத்தில் வெயிலைக் கண்டால் துணி துவைக்காமல் இருக்க நம்மால் முடியுமா? ஈரத் துணி வாளியைப் படியேற்றினார். அன்றிரவே இரத்தம் பெருகி, 1990 அம்பியூலன்ஸை அழைத்து, திரும்பவும் ஆஸ்பத்திரியில் நான்கு நாள். அல்லாஹ் காப்பாற்றினான். நோவு குறைந்துவிட்டதால் காயம் ஆறிவிட்டது என்றே அவர் நினைத்திருந்தார்.

இங்கேதான் பலரும் ஏமாந்து போகிறோம். நாம் காண்பது வெளித் தோலை மட்டுமே. அது பத்துப் பதினான்கு நாளில் ஒட்டிவிடும். அதற்குக் கீழே வயிற்றுத் தசையைப் போர்த்தியிருக்கும் உறுதியான படலத்தையும் வெட்டித்தான் தைத்திருக்கிறார்கள். அது பலம் பெற வாரக் கணக்காகும். இன்னும் உள்ளே, கர்ப்பப்பை இருந்த இடத்தில், பிறப்புப் பாதையின் மேல்முனையைத் தைத்து மூடியிருக்கிறார்கள். அந்தத் தையல் நம் கண்ணுக்குத் தெரியாது, அதிகம் நோகவும் செய்யாது. புதிதாக ஊற்றிய கொங்கிரீட்டின் மேல்பக்கம் மறுநாளே காய்ந்துவிடுகிறது. அதற்காக அதன் மேல் சுவர் எழுப்புகிறோமா? வயிற்றைத் திறந்து செய்த சத்திர சிகிச்சைக்கு ஆறு முதல் எட்டு வாரம் வேண்டும் என்று வைத்தியர்கள் சொல்வது இதனால்தான். பிறப்புப் பாதை வழியாகவோ, சிறு துளைகள் இட்டுக் கருவி மூலமோ செய்திருந்தால் பெண் விரைவில் எழுந்து நடமாடுவாள். ஆனாலும் உள்தையல் அவளுக்கும் உண்டு. பாரம் தூக்கக் கூடாது என்பது அவளுக்கும் பொருந்தும்.

ஆறு வாரம் என்பது 42 நாள். நம் நாற்பதுக்கும் அதற்கும் இரண்டே நாள்தான் வித்தியாசம். பழக்கம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதை இந்தப் பெண்ணுக்கும் கொடுக்க வேண்டும் என்பதே நான் சொல்ல வந்தது.

எதுவெல்லாம் பாரம்?

'பாரம் தூக்காதீர்கள்' என்று வார்டில் மிஸ்ஸி சொல்லும்போது நாம் தலையாட்டிவிட்டு வருகிறோம். எது பாரம் என்று கேட்பதில்லை. முதல் ஆறு வாரத்துக்கு நாலைந்து கிலோவுக்கு மேற்பட்ட எதுவும் பாரமே. பாதி நிறைந்த கேத்தல் பாரமல்ல. பத்து லீற்றர் வாளி நிறைந்தால் பத்துக் கிலோ. காஸ் சிலிண்டரில் காஸ் மட்டுமே 12.5 கிலோ, இரும்பின் பாரம் வேறு. விறகுக் கட்டு, அரிசி மூடை, நனைந்த கம்பளி, நிறைந்த சோற்றுப் பானை எல்லாம் இதில் சேரும். தூக்குவது மட்டுமல்ல, அலுமாரியைத் தள்ளுவது, குந்தியிருந்து தேங்காய் துருவுவது, அம்மியில் அரைப்பது, குனிந்து முற்றம் கூட்டுவது எல்லாமே வயிற்றின் உள்ளே அழுத்தம் கொடுக்கும் வேலைகள்.

எல்லாவற்றிலும் கடினமான பாரம் இரண்டு வயதுப் பிள்ளை. பதினொன்று, பன்னிரண்டு கிலோ இருக்கும். வாளியிடம் முடியாது என்று சொல்லிவிடலாம். கையை நீட்டி அழும் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? தூக்காமல் அணைக்கலாம். கட்டிலிலோ தரையில் விரித்த மெத்தையிலோ சாய்ந்துகொண்டு, வயிற்றின் மேல் ஒரு தலையணை வைத்து, பிள்ளையைத் தானாக ஏறி வந்து பக்கத்தில் படுக்கப் பழக்கலாம். ஒரு சிறு பலகையை அல்லது உறுதியான பெட்டியைக் கட்டிலோரம் போட்டால் அது படியாகிவிடும். ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு வாரம் முன்பே இதைப் பழக்கிவிட்டால் பிள்ளை அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளும். 'உம்மாவின் வயிற்றில் காயம்' என்று உண்மையைச் சொல்லுங்கள். பிள்ளைகள் நாம் நினைப்பதைவிட அதிகம் விளங்கிக்கொள்கிறார்கள். காரணம் தெரியாமல் விலக்கப்படும் பிள்ளைதான் அதிகம் அழுகிறது.

பால் குடிக்கும் பிள்ளை இருந்தால், கர்ப்பப்பை போனால் பாலும் வற்றிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பாலுக்கும் கர்ப்பப்பைக்கும் அப்படித் தொடர்பில்லை. சில தாய்மாருக்குப் பிரசவத்தின்போது இரத்தம் நிற்காமல், உயிரைக் காப்பாற்றவே கர்ப்பப்பையை எடுக்க நேரிடுகிறது. அவர்கள் பச்சைக் குழந்தையுடன் வீடு வருவார்கள். ஒருக்களித்துப் படுத்துப் பால் கொடுக்கலாம். கொடுக்கப்பட்டிருக்கும் மாத்திரைகள் பாலுக்கு ஆகுமா என்பதை மட்டும் வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மலையும் குளிரும்

சமதரையில் இருப்பவர்களுக்கு எழுதப்பட்ட அறிவுரைகள் நம் மலைகளில் பாதிதான் பொருந்துகின்றன. 'தினமும் மெதுவாக நடங்கள்' என்பார்கள். நடக்கத்தான் வேண்டும், படுத்தே கிடந்தால் கால் நரம்பில் இரத்தம் கட்டியாகும் அபாயம் உண்டு. ஆனால் மேட்டு லயத்திலிருந்து இறங்கினால் நூறு படி, ஏறினால் நூறு படி. ஆகவே முதல் இரண்டு வாரம் வீட்டுக்குள்ளும் இஸ்தோப்பிலும் ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை ஐந்து நிமிடம் நடந்தால் போதும். மாடியில் இருப்பவர்கள் ஒரு நாளைக்கு ஒரு தடவை இறங்கி ஏறுவதாக வைத்துக்கொள்ளுங்கள். தேவையான எல்லாவற்றையும் ஒரே மாடியில் சேர்த்துவிடுங்கள்.

வீட்டை விட்டுத் தள்ளிக் கக்கூஸ் இருக்கும் வீடுகளில் இராப் பயணமே பெரிய பாடு. மழையில் வழுக்கும். படுக்கை அறையில் மூடியுள்ள ஒரு பாத்திரத்தை இரவுக்கு மட்டும் வைத்துக்கொள்வதில் வெட்கம் வேண்டாம். குந்தி முக்குவது காயத்துக்கு நல்லதல்ல. மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பப்பாசி, வாழைப்பழம், கீரை, நிறையத் தண்ணீர். குளிரில் தாகம் எடுப்பதில்லை, நாமும் குடிப்பதில்லை. ஒரு போத்தலை நிரப்பிப் பக்கத்தில் வைத்துக் கணக்குப் பார்த்துக் குடிக்க வேண்டும்.

கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் புல்லில் உறைபனி விழும். இருமலும் தடிமனும் இல்லாத வீடு குறைவு. தையல் போட்ட வயிற்றுக்கு ஒவ்வோர் இருமலும் ஓர் அடிதான். இருமலோ தும்மலோ சிரிப்போ வரும்போது ஒரு தலையணையை அல்லது மடித்த துவாயை இரண்டு கையாலும் வயிற்றோடு சேர்த்து அழுத்திப் பிடியுங்கள். நோவு பாதியாகக் குறையும். விறகு அடுப்புப் புகை உள்ள குசினியில் உட்காராதீர்கள். கட்டிலிலிருந்து நேராக எழாமல், பக்கமாகப் புரண்டு, காலைக் கீழே விட்டு, கையை ஊன்றி எழுங்கள்.

இன்னுமொன்று. நாம் தேயிலை நாட்டில் இருப்பவர்கள். சோறு தின்றவுடன் பிளேன்டீ, மாத்திரை விழுங்கவும் பிளேன்டீ. மாதக் கணக்கில் இரத்தம் போன உடம்பு வெளிறித்தான் இருக்கும். அதற்காக இரும்புச்சத்து மாத்திரை தருகிறார்கள். தேயிலைச் சாயம் அந்த இரும்பை உடம்பில் சேரவிடாமல் தடுக்கிறது. மாத்திரையைத் தண்ணீருடன் அல்லது தேசிக்காய்த் தண்ணீருடன் விழுங்குங்கள். அதற்கும் சாப்பாட்டுக்கும் முன்னும் பின்னும் ஒரு மணித்தியாலம் தேநீர் வேண்டாம். எனக்கும் இது கஷ்டமான சட்டம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

யார் செய்வது?

ஆள் இல்லாத வீட்டில் இதெல்லாம் எப்படி நடக்கும் என்று கேட்பீர்கள். எல்லா வேலையும் நடக்காது. எவை நடக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரிக்குப் போகுமுன்பே தீர்மானிக்க வேண்டும். தண்ணீர், சமையல், பிள்ளைகளின் உடுப்பு, சின்னவனைக் குளிப்பாட்டுவது. இந்த நான்குக்கும் ஆள் பார்த்துவிட்டால் மற்றவை கிடக்கட்டும். தூசு ஆறு வாரம் இருந்தால் வீடு இடிந்துவிடாது. மசாலாவை அரைத்து வையுங்கள். பாரமான சட்டிகளை இடுப்பு உயரத் தட்டுக்கு மாற்றுங்கள். பெரிய வாளிகளை எடுத்துவிட்டுச் சிறிய கோப்பைகளை வையுங்கள். பெரிய வாளி கண்ணில் பட்டால் கை போகும். ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகள் அரை வாளி தண்ணீர் எடுக்கவும், தம்பிக்கு உடுப்பு மாற்றவும் முடியும். மகளை மட்டும் ஏவாமல் மகனையும் ஏவுங்கள்.

கணவருக்கு இது பெண்களின் காரியம் என்று தோன்றலாம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபோது, வீட்டாரின் பணிகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்தால் புறப்பட்டுச் செல்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் சொன்னது புஹாரியில் பதிவாகியுள்ளது. ஜும்ஆவில் பலமுறை கேட்ட செய்திதான். சுபஹுக்குப் பின் கடை திறக்குமுன் நாலு வாளி தண்ணீர் நிரப்பி, சோறு வடித்து வைத்துவிட்டுப் போவதற்கு அரை மணித்தியாலம் போதும். தாம்பத்திய உறவும் உள்தையல் ஆறும் வரை, குறைந்தது ஆறு வாரம் சென்று வைத்தியர் பார்த்துச் சரியென்று சொல்லும் வரை கூடாது. இதை மனைவி வெட்கப்பட்டுச் சொல்லாமல் விடுவதால், வைத்தியரே கணவரிடம் சொல்லும்படி கேட்டுக்கொள்வது நல்லது.

நோய் விசாரிக்க வருவது சுன்னத். ஆனால் நம் ஊர்களில் அது எப்படி நடக்கிறது? ஒரு டின் மோல்ட்டும் பிஸ்கட்டுமாக நான்கு பேர் வருகிறார்கள். நோயாளி எழுந்து அவர்களுக்குத் தேநீர் ஊற்றுகிறாள்! அவர்கள் போன பிறகு கோப்பைகளையும் அவளே கழுவுகிறாள். சகோதரிகளே, அடுத்த தடவை போகும்போது மோல்ட் டின்னுக்குப் பதிலாக ஒரு சட்டியில் கறியும் சோறும் கொண்டு போங்கள். வரும்போது ஊறப்போட்ட துணிகளை எடுத்து வாருங்கள். அல்லது சின்னவனை அழைத்து வந்து மஃரிப் வரை வைத்துக்கொள்ளுங்கள்.

தோட்டங்களை அண்டி வாழ்வோருக்கு இன்னோர் உதவியும் உண்டு. தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது பிள்ளைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக் காம்பரா பல தோட்டங்களில் இருக்கிறது. தோட்டத்தில் பேர் பதிந்த குடும்பமாக இருந்தால் அம்மா வீட்டில் படுத்திருக்கும் நாட்களிலும் பிள்ளையை அங்கே விட முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். பகுதிக்குப் பொறுப்பான குடும்பநல மருத்துவ மாது பிள்ளை பெற்ற வீட்டுக்கு முதல் பத்து நாளுக்குள்ளேயே வந்துவிடுவார். சத்திர சிகிச்சை செய்த வீட்டுக்கு அவர் தானாக வரமாட்டார். அவருக்குத் தெரியவும் தெரியாது. சொல்லி அனுப்பினால் காயத்தை வந்து பார்க்கக்கூடியவர் அவர்தான்.

கொழுந்தெடுக்கும் சகோதரிகளின் நிலைமைதான் கவலைக்குரியது. வேலைக்குப் போனால்தான் செக்ரோலில் பேர் விழும். இருபதாம் நாளே கொழுந்துப் பையை மாட்டிக்கொண்டு மலையேறினால் பதினைந்து, இருபது கிலோ பாரம் நெற்றியிலும் முதுகிலும் தொங்கும். வீடு அனுப்பும் துண்டில் எத்தனை வாரம் ஓய்வு, பாரம் தூக்கக் கூடாது என்பவற்றை வைத்தியரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். தோட்ட நிர்வாகத்திடம் பேச ஒரு கடதாசி இருந்தால்தான் வாய் திறக்கலாம்.

கூலிக்கும் கர்ப்பப்பைக்கும் உள்ள இந்தத் தொடர்பு இந்தியாவின் மகாராஷ்டிரா மாநிலத்தில் பயங்கரமாக வெளிப்பட்டது. பீட் மாவட்டத்தில் மூன்று வருடங்களில் 4,605 பெண்களுக்குக் கர்ப்பப்பை அகற்றப்பட்டதாக 2019 ஜூனில் அம்மாநில சுகாதார அமைச்சரே சபையில் தெரிவித்தார். கரும்பு வெட்டப் போகும் பெண்கள் மாதவிடாயால் வேலை நாள் கெடாதிருக்க இதைச் செய்துகொண்டார்கள், சிலருக்கு முப்பது வயதும் ஆகவில்லை என்று செய்திகள் வந்தன. நம் நாட்டு அரசாங்க ஆஸ்பத்திரியில் இதற்குக் கட்டணம் இல்லை. காசுக்காக அறுப்பார்கள் என்ற பயமும் அங்கே இல்லை. என்றாலும், டிக்கோயாவோ நுவரெலியாவோ கண்டியோ, எங்கே போனாலும் இரண்டு கேள்விகளைக் கேட்காமல் வராதீர்கள். மருந்தாலோ கட்டியை மட்டும் எடுப்பதாலோ சமாளிக்க முடியாதா? சூல்பைகளை விடுகிறீர்களா, எடுக்கிறீர்களா? சூல்பை இரண்டையும் எடுத்துவிட்டால், எந்த வயதானாலும் மாதவிடாய் முற்றாக நின்ற பெண்ணுக்கு வரும் உடல் வெக்கையும் வியர்வையும் தூக்கமின்மையும் உடனே தொடங்கிவிடும். அதற்கு மருந்து உண்டு. பைத்தியம் பிடித்ததாக நினைத்துப் பயப்பட வேண்டாம்.

தொழுகையைப் பற்றி

நாற்பது நாள் என்று சொன்னதால் ஒரு தவறான எண்ணத்தையும் திருத்த வேண்டும். பிள்ளை பெற்றவள் போல இவளும் நாற்பது நாள் தொழுகையை விட்டுவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. கர்ப்பப்பை முழுவதும் அகற்றப்பட்ட பின் சில வாரம் சிறிது சிறிதாகப் படும் இரத்தம் தையல் ஆறும்போது வருவது. அது ஹைழோ நிபாஸோ அல்ல என்றே உலமாக்கள் விளக்குகிறார்கள். கழுவிச் சுத்தம் செய்து, துணி வைத்து, ஒவ்வொரு தொழுகை நேரத்துக்கும் வுழூச் செய்து தொழ வேண்டும். கர்ப்பப்பையின் கழுத்துப் பகுதியை விட்டுவைத்திருந்தால், ஆஸ்பத்திரித் துண்டைக் கணவரிடம் கொடுத்து ஒரு மௌலவியிடம் விளக்கம் கேட்டுக்கொள்ளுங்கள். வயிற்றுக் காயம் வுழூவின் உறுப்புகளில் இல்லை. வெந்நீர் இருந்தால் போதும். குனிய முடியாதவள் கதிரையில் இருந்து சைகையால் தொழலாம். நின்று தொழ முடியாவிட்டால் இருந்தும், அதற்கும் முடியாவிட்டால் விலாப்புறமாகப் படுத்தும் தொழும்படி இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் சலுகை கொடுத்தது நமக்கெல்லாம் தெரிந்ததே.

உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய அறிகுறிகளைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்: ஒரு மணித்தியாலத்தில் ஒரு துணி முழுவதும் நனையும் இரத்தம், குளிர்காய்ச்சல், நாற்றமடிக்கும் வெள்ளை, காயம் சிவந்து சீழ் வருதல், ஒரு கால் மட்டும் வீங்கிக் கெண்டைச் சதை நோதல், திடீர் மூச்சுத்திணறல், நிற்காத வாந்தி, சிறுநீர் போகாமல் இருத்தல் அல்லது தானாக ஒழுகுதல். 1990 இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்பியூலன்ஸ் காசில்லாமல் வரும். வண்டி வர முடியாத லயங்களில் ரோட்டு வரை யார் தூக்கிக்கொண்டு வருவது என்பதையும் முன்பே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். எடுத்த கர்ப்பப்பையைப் பரிசோதனைக்கு அனுப்பியிருப்பார்கள். சுகமாகிவிட்டேன் என்று அந்த அறிக்கையை வாங்காமல் விடுபவர்கள் பலர். புற்றுநோய் ஏதும் உண்டா என்பது அதில்தான் தெரியும்.

மனதைப் பற்றியும் ஒரு வார்த்தை. காரணமில்லாமல் அழுகை வரும். இனிப் பிள்ளை வேண்டாம் என்று முடிவு செய்தவளுக்கும் வரும். 'அது இல்லாதவள் பெண்ணா?' என்று ஒரு நாக்கு பேசும். கணவன் இன்னொருத்தியைத் தேடுவானோ என்று ஒரு பயம் உள்ளே அரிக்கும். இதைப் பேச வீட்டில் ஒருவராவது வேண்டும். இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் உறக்கமும் பசியும் இல்லாமல் இருந்தால் அதையும் கிளினிக்கில் சொல்லத்தான் வேண்டும்.

மரப்படி வீட்டுச் சகோதரிக்கு இரண்டாம் தடவை வீடு வந்தபோது நாற்பது கிடைத்தது. கொடுத்தவர் சொந்தக்காரர் அல்ல. கடையில் கடனுக்குச் சாமான் வாங்கும், பணிய லயத்துக் கொழுந்தெடுக்கும் அம்மா ஒருவர். விடியற்காலை ஐந்தரை மணிக்கு, மலைக்குப் போகுமுன், இரண்டு வாளி தண்ணீரை மேலே ஏற்றி வைத்துவிட்டுப் போவாராம். கணவர் சோறு வடிக்கப் பழகினார். முதல் வாரம் குழைந்ததாம். ஆறாம் வாரம் கிளினிக்குக்குப் போய் வந்த அன்று கடைக்குட்டி கையை நீட்டினான். தூக்கலாமா என்று வைத்தியரிடம் கேட்டுக்கொண்டுதான் வந்திருந்தார். தூக்கினார்.